வண்ண அச்சு இயந்திரத்துக்கு எதைச் சேர்ப்பது, எதை விடுவது? காக்கி புக்கிட் அச்சகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில், அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் இயங்கும் சிறிய அச்சகம் இது. உரிமையாளர், கணக்கைக் கவனிக்கும் அவருடைய மனைவி, சிவகாசியில் ஆஃப்செட் கற்றுக்கொண்டு இங்கே வேலைக்கு வந்த மெஷின்மேன், வேலை குவியும் நாள்களில் வரும் முதிய பைண்டர் ஆகியோரே ஆட்கள். வருகிற வேலைகள் சிங்கப்பூர்த் தமிழர் வாழ்க்கையை ஒட்டியவை: திருமண அழைப்பிதழ், பரதநாட்டிய அரங்கேற்ற மலர், கோவில் விழா நிகழ்ச்சிநிரல், துணைப்பாட நிலையங்களின் பயிற்சித்தாள், நூறு இருநூறு பிரதிகள் மட்டும் போடும் கவிதைத் தொகுப்பு.

அலுவலக வகை வண்ண இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனையையும் சமாளித்து வந்தார்கள். அதன் குத்தகை 2024-இல் முடிவதாக இருந்தது. அடுத்ததாக, உற்பத்தி அச்சுக்கென்றே வடிவமைக்கப்பட்ட டோனர் (வண்ணத்தூள்) இயந்திரம் எடுப்பது என்று தீர்மானித்தார்கள். எந்த இயந்திரம் என்பதில் பெரிய விவாதம் எழவில்லை. நிமிடத்துக்கு 80 பக்கம் ஓடும் வகையில், கையில் கிடைத்த மாதிரிகள் தரத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. சிக்கல் விலைப்பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் தொடங்கியது.

காற்றால் தாளைப் பிரித்து உறிஞ்சி இழுக்கும் பெரிய டிரே, தாளின் வளைவை நிமிர்த்தும் பகுதி, வண்ணத்தைத் தானே அளந்து திருத்தும் கருவி, அட்டை செருகும் டிரே, அச்சான தாளை அடுக்கி ஸ்டேப்பிள் அடிக்கும் ஃபினிஷர், துளையிடும் பகுதி, தாளை மடித்து முதுகில் கம்பிப் பின் அடிக்கும் புத்தகப் பகுதி, அதன் முகப்பை (முதுகுக்கு எதிரே திறக்கும் ஓரத்தை) வெட்டும் கத்தி, உள்ளேயே பசை பைண்டிங், தங்க நிறத்துக்கு ஐந்தாம் டோனர், நீளத்தாள் டிரே, வெளிக் கட்டுப்பாட்டுக் கணினி, அதன்மேல் சில மென்பொருள் உரிமங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் துணைக்கருவிகளின் தொகை இயந்திரத்தின் தொகையைத் தாண்டியது. அதற்கும் மேலே 9 விழுக்காடு பொருள், சேவை வரி. ஐந்தாண்டுக் குத்தகையில் பரப்பிவிட்டால் மாதத்துக்குச் சில நூறு சிங்கப்பூர் வெள்ளிதான் கூடும் என்பது விற்பனையாளர் சொன்ன கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சில நூறு வெள்ளியை 60 மாதம் கட்ட வேண்டும். பயன்படாத கருவிக்கும் அதே தவணைதான்.

இந்தக் கட்டத்தில்தான் பட்டியலைப் படித்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அச்சுத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். இயந்திர விற்பனையில் எனக்குப் பங்கு எதுவும் கிடையாது.

அச்சகத்தில் கவனித்தவை

விளக்கப் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, முந்தைய ஓராண்டின் வேலைச் சீட்டுகளை மேசைமேல் கொட்டினோம். என்ன அச்சிட்டார்கள் என்பதைவிட, அச்சிட்ட பிறகு தாள் எங்கே போயிற்று என்று பார்த்தோம். தாள் எண்ணிக்கையில் முதலிடம் பயிற்சித்தாளுக்கு: மூலையில் ஒரு ஸ்டேப்பிள், சிலவற்றுக்கு இரண்டு துளை. வருமானத்தில் முதலிடம் அழைப்பிதழுக்கும் அரங்கேற்ற மலருக்கும். இவை இரண்டும் கனமான ஆர்ட் கார்டு (பூச்சுப் பூசிய வழவழப்பான அட்டை), ஓரம் வரை நிறம், மடிக்கும் இடத்தில் தடம் அழுத்தும் க்ரீசிங், கில்லட்டின் எனும் தாள் வெட்டும் இயந்திரத்தில் வெட்டு என்று கைவேலை நிறைந்தவை. பசை பைண்டிங் தேவைப்பட்ட கவிதைத் தொகுப்புகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. தங்க நிறம் கேட்டவர்கள் எல்லோருமே கேட்டது ஃபாயில் எனும் மெல்லிய உலோகப் படலத்தின் பளபளப்பை. டோனர் தங்கம் அடங்கிய மினுமினுப்புதான் தரும்; பிள்ளையார் உருவத்தை ஃபாயிலில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சப்பென்றிருக்கும்.

அடுத்து, மெஷின்மேனின் நோட்டுப்புத்தகம். இந்த ஆய்வில் மிகவும் உதவிய ஆவணம் அதுதான் என்பேன். தாள் சிக்கி ஜாம் ஆகும்போதெல்லாம் நேரத்தையும் தாளின் வகையையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்த வேலையில்லை. புரட்டிப் பார்த்ததில், பெரும்பாலான ஜாம் காலை பத்து மணிக்கு முன்னால் நடந்திருந்தது; திங்கட்கிழமைகளில் கூடுதல்; சிக்கிய தாளில் முக்கால்வாசி ஆர்ட் பேப்பர். பழைய இயந்திரம் தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தேய்ந்த ரோலருக்குத் திங்கட்கிழமை என்று தெரியாது.

சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன்னால் 90-ஐத் தாண்டும். மழை இல்லாத நாளின் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். டோனர் இயந்திரங்களுக்கோ பொதுவாக 40 முதல் 60 விழுக்காடு வரைதான் உகந்தது. அச்சகத்தில் மாலை ஆறு மணிக்கு ஏர்கான் நிற்கும். பிரித்த தாள்கட்டு அலமாரியில் திறந்தபடி கிடக்கும். வார இறுதி முழுவதும் அப்படிக் கிடந்த ஆர்ட் பேப்பர் திறந்து வைத்த அப்பளம் போல நமுத்துப்போகும். பூச்சுப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரப்பர் ரோலர் ஒரு தாளை இழுத்தால் இரண்டு வரும். ஈரத்தாளில் மின்னேற்றம் கசிவதால் டோனரும் சரியாக ஏறாது. அடர் நிறப் பரப்பு திட்டுத் திட்டாகத் தெரியும். "மெரூன் கலர் சரியாக விழவில்லை" என்று வாடிக்கையாளர் திருப்பிய இரண்டு வேலைகளின் சீட்டுகளும் திங்கட்கிழமைத் தேதியிலேயே இருந்தன.

இன்னொன்றும் தெரியவந்தது. பழைய இயந்திரத்தின் டிரேக்களில் ஈரத்தை விரட்டும் சிறு ஹீட்டர் இருந்திருக்கிறது. இயந்திரத்தை அணைத்தாலும் சுவரில் மின்சாரம் இருந்தால் அது வேலை செய்யும். மின்கட்டணத்தை நினைத்து, இரவில் கடையைப் பூட்டும்போது உரிமையாளரின் மனைவி சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவார். இத்தனை ஆண்டுகளில் இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை.

காட்சிக்கூடத்தில் சோதனை

காட்சிக்கூடங்களில் தாள் எப்போதும் புதிது; அறை எப்போதும் குளிர்ந்து உலர்ந்திருக்கும்; மாதிரிக் கோப்புகளில் பழங்களும் ஐரோப்பிய முகங்களும் இருக்கும். அந்தச் சூழலில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். எனவே எங்கள் கோப்புகளையும் எங்கள் தாளையும் எடுத்துப் போனோம். அச்சகத்தில் இரவு முழுக்கத் திறந்து கிடந்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் கார்டும் அதில் சேர்த்தி. விற்பனையாளர் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை.

சாதாரண டிரேயில் அந்த ஆர்ட் கார்டு சில தாள்களுக்குள் இரட்டையாக வந்து சிக்கியது. பக்கவாட்டில் காற்றை ஊதித் தாளைப் பிரித்து, மேலிருந்து உறிஞ்சி இழுக்கும் டிரேயில் அதே கட்டு கடைசித் தாள் வரை போயிற்று. பட்டியலில் எந்தக் கருவிக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

புத்தகப் பகுதியை நம்பித்தான் உரிமையாளர் வந்திருந்தார். 28 பக்க அரங்கேற்ற மலர், 300 ஜிஎஸ்எம் அட்டை, அட்டை முழுவதும் அடர் மெரூன். இயந்திரம் அச்சிட்டு, மடித்து, இரண்டு பின் அடித்து, முகப்பை வெட்டி வெளியே தள்ளியது. பார்த்த கணத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பைண்டர் மட்டும் புத்தகத்தை வாங்கி, தலையையும் அடியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். கத்தி வெட்டுவது முகப்பை மட்டுமே. மேலும் கீழும் வெட்ட இந்த அமைப்பில் கத்தி இல்லை. ஓரம் வரை நிறம் வேண்டுமானால் 320க்கு 450 மில்லிமீட்டர் எஸ்ஆர்ஏ3 தாளில் அச்சிட்டு மூன்று பக்கமும் வெட்டியாக வேண்டும். ஆக, இயந்திரத்திலிருந்து வந்த "முடிந்த" புத்தகம் மறுபடியும் கில்லட்டினுக்குத்தான் போக வேண்டும்.

முதுகு இன்னும் மோசம். க்ரீஸ் போடாமல் கன அட்டையை மடித்ததால் மெரூன் பரப்பு முதுகு நெடுகிலும் வெடித்து, வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மெஷின்மேன் நகத்தால் ஒருமுறை இழுத்தார்; டோனர் துகள் மேசையில் உதிர்ந்தது. "அண்ணா, இதை நாட்டிய ஆசிரியையிடம் கொடுக்க முடியாது" என்றார். தாளின் நார் ஓடும் திசையும் இதற்கு ஒரு காரணம். எஸ்ஆர்ஏ3 தாளை ஏ4 புத்தகமாக மடிக்கும்போது நார் குறுகிய பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். அச்சகம் வாங்கிவந்ததோ நீளவாக்கு நார்த்தாள். இயந்திரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. மூன்று பக்கமும் வெட்டி, மடிப்பதற்கு முன் க்ரீஸும் போடும் பெரிய புத்தகப் பகுதிகள் உண்டு. அவற்றின் விலையையும் நீளத்தையும் கேட்டபோது உரிமையாளர் பேச்சை மாற்றினார்.

பெயர் மாற்றி அச்சிடும் மென்பொருளுக்கும் ஒரு சோதனை வைத்தோம். விருந்தினர் பெயரோடு அழைப்பிதழ் கேட்கும் வழக்கம் பெருகிவருகிறது. விற்பனையாளர் பரிந்துரைத்த மென்பொருளில் எங்கள் தமிழ்ப் பெயர்ப்பட்டியலைச் சேர்த்தால், "கோமதி"யின் இரட்டைக் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்காமல் பின்னால் ஒன்றாக ஒதுங்கின. இடையில் ஒரு புள்ளி வட்டம். "பொன்னம்மாள்", "கௌசல்யா" ஆகியோருக்கும் அதே கதி. யுனிகோட் தமிழைச் சேர்த்து வடிவமைக்கும் திறன் அந்த மென்பொருளில் இல்லை. அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் பெயர்களை இணைத்தபோது எல்லாம் சரியாக வந்தன. உரிமத்துக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் மிஞ்சியிருப்பது புள்ளி வட்டங்கள்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒவ்வொரு கருவியைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டோம். இதைத் தனி இயந்திரமாக வெளியே வைக்க முடியுமா? இப்போது விட்டுவிட்டால் பின்னால் சேர்க்க முடியுமா? வெளியே வைக்க முடிந்ததை உள்ளே கொண்டுவருவதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. இயந்திரத்தோடு கோத்த கருவி சிக்கிக்கொண்டால் அச்சும் சேர்ந்து நிற்கும். தனியே நிற்கும் க்ரீசிங் இயந்திரம் பழுதானால் அச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாண்டு கழித்து அச்சு இயந்திரம் திரும்பிப் போனாலும் அது அச்சகத்திலேயே இருக்கும்.

இந்த அளவுகோலில் காற்று டிரே முதலில் தேறியது. தாள் உள்ளே போவதை வெளியிலிருந்து சரிசெய்ய வழியில்லை. வளைவு நிமிர்த்தும் பகுதியையும் எடுத்தோம். மெல்லிய தாளில் டோனர் அதிகமாக ஏறி, டோனரை உருக்கி ஒட்டும் ஃபியூசரின் வெப்பத்தையும் கடந்து வரும்போது தாள் சுருளும். சுருண்ட தாள் ஃபினிஷரில் நேராக அடுக்கி நிற்காது. அது இயந்திரத்துக்கும் ஃபினிஷருக்கும் நடுவே உட்காரும் பகுதி என்பதால், பிறகு சேர்ப்பதானால் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்ட வேண்டும்.

வண்ணம் அளக்கும் கருவியில் சற்று நேரம் விவாதம் நடந்தது. கையால் அளக்கும் கருவி மலிவு. ஆனால் காலையில் ஈரம், பகலில் ஏர்கான், மாலையில் வேறு என்று நிலைமை மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் காலையில் ஒருமுறை அளப்பது போதாது. கூடவே முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்பதையும் உள்ளிருக்கும் கருவி தானே சரிசெய்துகொள்ளும். எடுப்பதென்று முடிவாயிற்று. புகைப்படம் நிறைந்த மலர்களின் கோப்புகளைக் கணக்கிட்டு முடிக்கும்வரை இயந்திரம் காத்து நிற்பதைச் சோதனையில் பார்த்திருந்ததால், வெளிக் கட்டுப்பாட்டுக் கணினியையும் ஒரே தாளில் பல பக்கங்களை வரிசைப்படுத்தி அமைக்கும் மென்பொருளின் உரிமத்தையும் சேர்த்தோம். பெயர் மாற்றும் உரிமத்தை அடித்துவிட்டோம்.

நீளத்தாள் டிரே சிறு தொகைதான். மடிப்பு உறையோடு வரும் நூல் அட்டைக்காக அதை எடுத்தோம். 152 மில்லிமீட்டர் அகல நூலுக்கு முன் அட்டை, பின் அட்டை, 15 மில்லிமீட்டர் முதுகு, இருபுறமும் 90 மில்லிமீட்டர் மடிப்பு என்று கூட்டினால் 499 வருகிறது. எஸ்ஆர்ஏ3-இன் 450-இல் அது அடங்காது. நீளத்தாளுக்குக் கிளிக் கட்டணம் (அச்சாகும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டும் தொகை) எப்படி எண்ணப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்கிக்கொண்டோம். ஏ3-ஐ இரண்டு கிளிக்காக எண்ணும் ஒப்பந்தங்கள் சகஜம். நீளத்தாள் அதற்கும் மேலே போகலாம்.

ஸ்டேப்பிள் ஃபினிஷரை எடுத்தது பயிற்சித்தாளுக்காக. துளையிடும் பகுதியையும் எடுத்தார்கள். ஒரே ஒரு துணைப்பாட நிலையம்தான் அதைக் கேட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன். பழைய வாடிக்கையாளர், விட மனமில்லை என்றார் உரிமையாளர். புத்தகப் பகுதி, முகப்புக் கத்தி, பசை பைண்டிங், ஐந்தாம் வண்ணம் எல்லாம் பட்டியலிலிருந்து நீங்கின. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு மின்சார க்ரீசிங் இயந்திரம் ஒன்றும், ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றும் தனியே வாங்கப்பட்டன. பின் அடிப்பதைப் பழைய கால்மிதி இயந்திரத்திலேயே பைண்டர் தொடர்வது என்று ஏற்பாடு. உள்ளே அச்சிடாத அட்டையைச் செருகும் டிரேக்கு வேலையே இல்லாமற் போனதால் அதுவும் போயிற்று.

நிறுவல்

உரிமம் பெற்ற மின்பணியாளர் தனி மின்சுற்று இழுத்துக் கொடுத்தார். சுவரிலுள்ள வழக்கமான 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும் இயந்திரம் இல்லை இது. சரக்கு மின்தூக்கியில் பகுதி பகுதியாக ஏற்றினார்கள். முழுப் பட்டியலையும் வாங்கியிருந்தால் கில்லட்டினுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும் என்பது, பெட்டிகளைப் பிரித்து வரிசையாக நிறுத்தியபோது எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு நடந்தவை

ஜாம் வெகுவாகக் குறைந்தது. இதில் டிரேயின் பங்கு எவ்வளவு, பழக்கமாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின. ஈரம் உறிஞ்சும் கருவி இரவு முழுவதும் ஓடுகிறது. பிரித்த தாள்கட்டை அதன் உறையிலேயே மறுபடி சுற்றி, டேப் ஒட்டி வைக்கிறார்கள். சுவர் சுவிட்சின்மேல் உரிமையாளரின் மனைவியே சிவப்பு மையால் "அணைக்காதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். மெஷின்மேனின் நோட்டில் திங்கட்கிழமைகள் மற்ற நாள்களைப் போல ஆகிவிட்டன.

அரங்கேற்ற மலர்களின் முதுகு இப்போது வெடிப்பதில்லை. க்ரீஸ் ஒரு காரணம். அட்டைக்கு மட்டும் குறுக்கு நார்த்தாள் சொல்லி வாங்குவது இன்னொரு காரணம். வண்ணம் குறித்த புகார் அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் தம் கைப்பேசித் திரையை அட்டைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடும்வரை அது நிற்காது. ஆனால் மறுபதிப்பு கேட்டு வரும்போது பழைய பிரதியோடு புதியது ஒத்துப்போகிறது. அது முன்பு நடக்காத காரியம்.

கோணலாகப் போனவையும் உண்டு. துளை கேட்ட துணைப்பாட நிலையம் சில மாதங்களில் சுருள் கம்பி பைண்டிங்குக்கு மாறிவிட்டது. துளையிடும் பகுதி பூட்டியபடியே இருக்கிறது, தவணை ஓடுகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அச்சு முடிந்த தாள் பைண்டர் மேசையில் மலையாகச் சேர்ந்தது. இயந்திரம் வேகமாகிவிட்டது; கால்மிதி இயந்திரமும் பைண்டரின் முழங்காலும் பழைய வேகத்திலேயே இருக்கின்றன. அந்த நாள்களில் சில வேலைகளை வெளியே கொடுத்துத்தான் முடித்தார்கள். அவற்றில் லாபம் என்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை. ஃபினிஷரின் வெளியேற்றுத் தட்டு கன அட்டைக்குச் சிறியது. நீண்ட ஓட்டங்களில் மெஷின்மேன் பக்கத்திலேயே நின்று தாளை அள்ள வேண்டியிருக்கிறது.

மறுபடி வாங்கினால்

பசை பைண்டிங்கையும் ஐந்தாம் வண்ணத்தையும் விட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. புத்தகப் பகுதியை விட்டதும் சரியே என்பது என் கருத்து; உரிமையாளர் தீபாவளி நெருக்கடியை நினைத்து அவ்வப்போது முணுமுணுக்கிறார். விட்ட கருவிக்குப் பதிலாக, மடித்துப் பின்னடிக்கும் தனி இயந்திரம் ஒன்றுக்கு முதல் பட்டியலிலேயே பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தாளை அடுக்கி வண்டியோடு உருட்டிக்கொண்டு போகும் ஸ்டேக்கரைப் பற்றி அன்று யாரும் பேசவே இல்லை. பட்டியலில் அது இருந்தும் "பெரிய அச்சகங்களுக்கு" என்று தாண்டிவிட்டார்கள். கன அட்டையை மட்டும் ஓட்டிப் பார்த்து, தட்டு எத்தனை தாளில் நிரம்புகிறது என்று காட்சிக்கூடத்திலேயே எண்ணியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஒரே வாடிக்கையாளருக்காகக் கருவி சேர்ப்பதாக இருந்தால், அவரிடமிருந்து குறைந்தபட்சம் ஓராண்டு வேலைக்கு எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்வது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டேக்கரைக் குத்தகை நடுவில் சேர்க்க முடியும் என்று விற்பனையாளர் விலை அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. பழைய புத்தக மடிப்பு இயந்திரம் ஒன்று சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் விலைக்கு வந்திருக்கிறது. பைண்டர் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு, பின் அடிக்கும் தலை இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.